மாமல்லபுரத்தில் வீடு கட்டலாமா? 100 மீட்டர், 300 மீட்டர் விதி

மாமல்லபுரத்தில் மனை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்க இடத்துல மாடி எடுக்க முடியுமா?" என்பதுதான். மனை எந்தச் சின்னத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், குகைக் கோயில்கள் என்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் வந்த கட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1958-ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும்தான் காரணம். யுனெஸ்கோ பட்டியலில் இல்லாவிட்டாலும், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னத்துக்கும் இதே விதிதான்.

பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இங்கே அனுமதி வாங்கிக் கட்டலாம். சிற்பத்திலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாப்பு எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். ஒரு மனை இரண்டு மூன்று சின்னங்களின் வட்டத்துக்குள் வரலாம் என்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் தூரம் பார்க்க வேண்டும்.

100 மீட்டருக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடானால், பழுது பார்க்க விண்ணப்பிக்கலாம். ஓட்டு வீடு ஒழுகுகிறது, ஓடுகளையும் உளுத்த மரச்சட்டங்களையும் மாற்ற வேண்டும் என்றால் அது பழுதுபார்ப்பு. ஓடுகளைப் பிரித்துவிட்டு, சுவரை உயர்த்தி, தளம் போட்டு, மேலே ஓர் அறை எடுத்தால் அது கட்டுமானம். பக்கவாட்டில் நீட்டினாலும் அப்படித்தான். சிற்பப் பட்டறைக்கு நிலையான கொட்டகை போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, கட்டடம் ஊருக்குப் பொருந்துகிறதா என்பதை யார் பார்க்கிறார்கள்? 100 மீட்டர் விதி அதைப் பார்ப்பதில்லை, தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஐந்து ரதங்களில் உயரமான தருமராஜ ரதத்தை, நாலு மாடி விடுதியும் அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் எளிதாகத் தாண்டிவிடும். 150 மீட்டர் தள்ளி நின்றாலும் ரதத்தின் பின்னணியில் அதுதான் தெரியும். ஊரின் முகத்தைக் காப்பதும் கெடுப்பதும் இந்த 200 மீட்டர்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகத்தான் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டடத்தின் உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம், தண்ணீர்க் குழாய் வரை அதில் அடங்கும். விடுதிகளும் உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கும் ஒத்தவாடைத் தெருவுக்கும் குடியிருப்புத் தெருவுக்கும் ஒரே அளவுகோல் சரிப்படாது. துணைவிதி இல்லையென்றால் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக முடிவாகும், தெரு மட்டும் தாறுமாறாக வளரும்.

அனுமதி வேண்டுமானால், மாநிலத்துக்கென நியமிக்கப்பட்ட தகுதி அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 15 நாளில் அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை தர வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டு, எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இந்த அனுமதி கிடைத்ததும் கடைக்கால் தோண்டிவிடக் கூடாது. உள்ளாட்சியின் பிளான் அப்ரூவல் தனி. கடலோரமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் தனி. அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இதற்கு உடந்தையாக இருக்கும் மத்திய அரசு அலுவலருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்புறம், துணைவிதிகளின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தரப்படும். மனை இல்லாதவர்களும் எழுதலாம். "ஊர் அழகு கெடுகிறது" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெருவில் எத்தனை மாடிக்கு மேல் போனால் எந்தச் சின்னம் மறைகிறது என்று புகைப்படத்தோடு எழுதுங்கள்.