பி0401 வந்தால் உடனே வால்வு வாங்காதீர்கள்

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரைப் போட்டால் பி0401 (P0401) என்ற பழுதுக் கோட். "ஈஜிஆர் வால்வு போய்விட்டது", அதாவது வெளியேறும் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்குள் திருப்பிவிடும் வால்வு பழுது என்று யாரோ சொல்ல, வாகனக்காரர் அன்றைக்கே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு ரீகண்டிஷன் வால்வோடு வருகிறார். மாட்டிக் கோட்டை அழித்ததும் லைட் அணைகிறது, சில நாளில் திரும்ப எரிகிறது. எங்கள் கராஜுக்கு வரும் ஈஜிஆர் வேலைகளில் பல இப்படிக் காசு கரைந்த பிறகுதான் வருகின்றன. பார்க்க மனவருத்தமாக இருக்கிறது.

எஞ்சினுக்குள் திரும்பி வரவேண்டிய புகை போதிய அளவு வரவில்லை, அவ்வளவுதான் அந்தக் கோட் சொல்வது. ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேடவேண்டும். பி0402 என்றால் புகை அளவுக்கு மீறி வருகிறது. பி0403 என்றால் வயர், கனெக்டர் பக்கம் முதலில் பாருங்கள்.

சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் ஏறத்தாழ 1,400 பாகை செல்சியசைத் தாண்டினால் நைதரசன் ஒட்சைட்டுகள் என்ற நச்சு வாயுக்கள் வேகமாக உருவாகும். கொஞ்சம் புகையைத் திருப்பி உள்ளே விட்டால் அந்த வெப்பம் குறையும். ஈஜிஆரின் வேலை இதுதான். ஆனால் அந்தப் புகையோடு கரியும் வருகிறது. அது எஞ்சின் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து பசைபோல ஒட்டி இறுகிவிடும். கொழும்புக் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடும் வாகனத்தில் இது இன்னும் மோசம்.

சரி, எப்படிச் சோதிப்பது? எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஸ்கேனர் வழியாக வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய வேக்குவம் வால்வு என்றால் கைப்பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். புகை உள்ளே போனால் பெற்றோல் எஞ்சின் தடுமாறும், சிலவேளை நின்றே விடும். வால்வு திறந்தும் அது தடுமாறாமல் ஓடினால் பாதை அடைபட்டிருக்கிறது. வால்வைக் கழற்றி டோர்ச் அடித்தால், விரல் போகவேண்டிய துவாரத்தில் பென்சில்கூடப் போகாது. அந்த இடத்தில் புது வால்வு மாட்டி என்ன பயன்?

இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரையும் பாருங்கள். பல வாகனங்களில் புகை வந்ததா என்று கணினி கணிப்பது அந்தச் சென்சர் காட்டும் அழுத்த மாற்றத்தை வைத்துத்தான். அதன் நுனியில் கரி படிந்திருந்தால் நல்ல வால்வின் மேல் பழி விழும்.

வால்வு திறந்தபடியே சிக்கினால் கதை வேறு. ஐடிலில் குலுக்கம், சந்தியில் நின்றுபோவது, டீசலில் கறுப்புப் புகை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் பொடியின் அழுக்கும் வேக்குவம் கசிவும் இதேபோல்தான் காட்டும். பிரித்தறிய, வால்வுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மெல்லிய தகடொன்றைத் தற்காலிகமாக வைப்போம். குலுக்கம் அடங்கினால் வால்வுதான் குற்றவாளி.

அந்தத் தகட்டை நிரந்தரமாக விட்டுவிடச் சொல்கிறவர்கள் உண்டு. "தம்பி, அடைச்சுவிடுங்கோ, புகைச் சேர்ட்டிபிகேட் எப்படியும் கிடைக்கும்" என்று ஒரு ஐயா கேட்டார். கிடைக்கும்தான். நமது புகைப் பரிசோதனை பெற்றோல் வாகனத்தில் காபனோரொக்சைட்டையும் ஐதரோகாபனையும், டீசலில் புகையின் அடர்த்தியையும்தான் பார்க்கிறது. நைதரசன் ஒட்சைட்டை அது அளப்பதில்லை. அந்த ஐயாவிடம் நான் சொன்னது: "ஐயா, காகிதத்தில பாஸ் ஆகும். கடுகண்ணாவை ஏற்றத்தில எஞ்சின் நொக் அடிக்கும். பொறளைச் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளை அந்த நைதரசன் ஒட்சைட்டைத்தான் மூச்சில இழுக்கும்." அவர் துப்புரவு செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் தொடங்கி, பல ஹைப்ரிட்களில் புகையைக் குளிர்விக்க ஒரு கூலரும் இருக்கிறது. வால்வை மட்டும் கழுவி, கூலரையும் இன்டேக்கில் உள்ள சிறு துவாரங்களையும் விட்டால் அது பாதி வேலைதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி வாகனம் உதறி, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், ஈஜிஆரோடு நிற்காமல், எஞ்சின் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கஸ்கட்டைச் சோதியுங்கள். அதைத் தள்ளிப்போட்டு ஓடினால் செலவு பல மடங்காகும்.

துப்புரவு செய்யும்போது கிளீனரை வால்வின் மின்மோட்டர் பக்கம் அடிக்கவிடாதீர்கள், கஸ்கட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கோட்டை அழித்த உடனே வாகனத்தை எடுத்துவிடவேண்டாம். நெரிசலிலும் கொஞ்சம் வேகமான வீதியிலும் ஓட்டி வந்து, பென்டிங் கோட் (பதிவாகியும் இன்னும் லைட்டை எரியவைக்காத கோட்) ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.