மல்லாந்து மிதந்த மரமீன்

தூண்டிலில் பொய் இரையாகக் கட்ட நான் செதுக்கிய முதல் மரமீன், வாளித் தண்ணீரில் விட்ட மறுநொடியே மல்லாந்துவிட்டது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பால்சா மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செதில் செதிலாகச் சாயம் அடித்து, கண்கூட ஒட்டியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, வயிறு மட்டும் வானத்தைப் பார்த்தது. வயிற்றில் துளை போட்டால் அழகு கெட்டுவிடும் என்று முதுகுப் பக்கம் துளைத்து ஈயத்தை அடைத்திருந்தேன். அதுதான் செய்த தப்பு.

மிதக்கிற எந்தப் பொருளுக்கும் இரண்டு மையங்கள் உண்டு. ஒன்று அதன் எடையின் மையம். இன்னொன்று, அது ஒதுக்கிவிட்ட தண்ணீரின் மையம்; தண்ணீர் பொருளை மேலே தாங்கிப் பிடிப்பது அந்தப் புள்ளியில்தான். எடை கீழேயும் தாங்கல் மேலேயும் இருந்தால், தட்டிச் சாய்த்தாலும் தலையாட்டிப் பொம்மை போல நிமிர்ந்துவிடும். எடையை மேலே வைத்தால் பொருளே புரண்டு தலைகீழாகத்தான் நிற்கும். என் மீன் இயற்பியல் விதிக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டது, நான்தான் கட்டுப்படவில்லை.

பொய் இரைக்குப் பொதுப்பெயர் லூர்; பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் இந்த வகை லூரைக் கிராங்க்பெய்ட் என்பார்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ குண்டான உடம்பு, மூக்குக்குக் கீழே உதடு போல ஒரு தகடு, வயிற்றிலும் வாலிலும் தொங்கும் மும்முனைத் தூண்டில் முள். ரீலைச் சுற்றினால் முங்கி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வரும். மோட்டார் கிடையாது, மூட்டு கிடையாது. நேர்கோட்டில் இழுக்கப்படும் ஒரு கட்டை ஏன் நேராக வராமல் ஆடுகிறது?

ஓடுகிற தண்ணீரில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். குச்சிக்குப் பின்னால் சுழல்கள் ஒரே சமயத்தில் இரு பக்கமும் பிறக்காது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் என்று மாறி மாறிக் கழன்று போகும். தியோடர் வான் கார்மன் 1911-இல் இதைக் கணக்காக எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் இந்தச் சுழல் வரிசையைச் சொல்கிறார்கள். சுழலுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் சுழல் பிறக்கிற பக்கம் பொருள் இழுபடும். மரமீனின் உதட்டு விளிம்புகளிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். இடது விளிம்பில் சுழல் கழன்றால் தலை இடப்பக்கம் சாயும், அடுத்தது வலப்பக்கம். தூண்டில் நரம்பு கட்டிய வளையம் அச்சாக நிற்க, உடம்பு அதைச் சுற்றி ஊசலாடும். சாய்ந்த உடம்பை நிமிர்த்துவதற்கு அடிவயிற்று ஈயம் இருக்கிறது. உதடு தள்ளும், ஈயம் திருப்பும், இந்த இழுபறிதான் ஆட்டம்.

இந்த ஆட்டத்தின் வேகத்தையும் தோராயமாகக் கணக்குப் போடலாம். வேகத்தைத் தகட்டின் அகலத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை சுழல் சோடி என்று வரும். 2 செ.மீ. அகல உதடு, நொடிக்கு 60 செ.மீ. இழுவை என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 6 தடவை. ராடு என்ற தூண்டில் கோலின் நுனியில் ‘டுபுடுபு’ என்று கைக்கு வரும் துடிப்பு கிட்டத்தட்ட இதுதான். உதடு அகலமானால் ஆட்டம் பெரிதாகவும் மெதுவாகவும் இருக்கும். குறுகினால் படபடக்கும்.

உதட்டின் சாய்வுக்கு வேறு வேலை. உடம்பின் நீளவாக்கிலேயே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஆழமாக முங்கும். ஏறக்குறைய செங்குத்தாக இறங்கினால் மேல்மட்டத்திலேயே நிற்கும். கடையில் ஒரு லூரை எடுத்ததும் பெட்டியில் அச்சடித்த ஆழத்தைத் தேடவேண்டியதில்லை. உதட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டில் செய்பவர்கள் பலர் உதட்டுக்குச் சர்க்யூட் போர்டு செய்யப் பயன்படும் கண்ணாடியிழைத் தகட்டை வெட்டிக்கொள்கிறார்கள். மெல்லிசாக இருக்கும், வளையாது. மெல்லிய விளிம்பில் தண்ணீர் சட்டென்று பிரிவதால் ஆட்டமும் துல்லியமாக இருக்கும்.

சரி, எவ்வளவு ஈயம்? 15 கன செ.மீ. உடம்பு 15 கிராம் தண்ணீரை ஒதுக்கும். பால்சா ஒரு கன செ.மீ.க்கு 0.16 கிராம் அளவில்தான் இருக்கும்; ஆக மரம் வெறும் 2.4 கிராம். முள், வளையம், கம்பி, சாயம் எல்லாம் சேர்த்து 5 கிராம் என்று வையுங்கள். 4 கிராம் ஈயம் சேர்த்தாலும் மொத்தம் 11.4 கிராம்தான், மிதக்க இன்னும் 3.6 கிராம் கையிருப்பு உண்டு. இதே உடம்பைக் கனமான மரத்தில் செய்தால் அந்தக் கையிருப்பை மரமே தின்றுவிடும். அடியில் ஈயம் வைக்க இடமிருக்காது, நிமிரும் வேகமும் குறையும். பால்சா லூர் துள்ளுவதற்கு இதுதான் காரணம், மரத்தில் மாயம் ஒன்றும் இல்லை.

மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும் வகையைச் செய்ய நினைத்தால் பொறுமை வேண்டும். 4 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கும் 25 டிகிரி தண்ணீருக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.3 சதவீதம்தான். நம் 15 கன செ.மீ. உடம்புக்கு அது 45 மில்லிகிராம் தாங்கல். குளிர்ந்த தண்ணீரில் அந்தரத்தில் நின்றது, வெயில் காலத்தில் மெதுவாக இறங்கத் தொடங்கும். வாளியில் சோதிப்பதானால் மீன் இருக்கிற தண்ணீரின் வெப்பநிலையிலேயே சோதியுங்கள்.

இந்தத் தொழில் சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும் வளர்ந்தது. பின்லாந்துக்காரர் லவுரி ரப்பாலா 1936-இல் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தார். பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய ஈயத்தாள். வார்னிஷ் வாங்கக் காசில்லாததால் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். அமெரிக்காவின் டென்னசியில் ஃபிரெட் யங் என்பவர் கையால் செதுக்கிய ‘பிக் ஓ’ என்ற குண்டு பால்சா மீன்தான் 1970-களின் தொடக்கத்தில் பாஸ் பிடிப்பவர்களைக் கிறங்கடித்தது. ஓஹையோவின் ஆக்ரன் நகரில் இயந்திரத் தொழிலாளியாக இருந்த நிக் கிரீம், 1949-இல் வினைலை உருக்கி அச்சில் ஊற்றி ரப்பர் புழு போல ஒன்றை எடுத்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் மென்பிளாஸ்டிக் புழுக்களெல்லாம் அந்தப் புழுவின் வம்சம்.

அந்தப் புழுவை வீட்டில் வார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிசால் என்ற பால் போன்ற திரவத்தைச் சுமார் 175 டிகிரிக்குச் சூடாக்கினால் தெளிந்து பாகாகும். அதைத் தாண்டிக் கருக விட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள், சமையல் பாத்திரத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

மீன் இதையெல்லாம் எப்படி உணர்கிறது? பாஸ் ஒளிந்திருந்து பாயும் மீன். அதன் இரு பக்கவாட்டிலும் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடும். அதன் நுண் மயிர்ச்செல்கள் தண்ணீரின் அசைவைத் தொட்டறியும். இந்தப் பக்கக்கோடு உணர்வது பெரும்பாலும் நொடிக்கு 200 அதிர்வுக்குக் கீழே உள்ள மெதுவான அசைவுகளை. நம் மரமீனின் நொடிக்கு 6 ஆட்டம் அதற்குள் அடக்கம். கலங்கிய தண்ணீரில் கண் உதவாதபோதும் இந்தக் கோடு உதவும். நிறத்தைப் பொறுத்தவரை, பாஸின் கண்ணில் சிவப்புக்கும் பச்சைக்கும் மட்டும்தான் கூம்புச் செல்கள். சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்ளும், நீலத்தையும் கறுப்பையும் அப்படியே. போதாக்குறைக்கு ஆழம் போகப் போகத் தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஒரே லூரை இருபது நிறத்தில் வாங்கி அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்தக் காசுக்கு மூன்று வித உதடு உள்ள லூர்களை வாங்கலாம்.

அப்புறம் நரம்பு. எத்தனை கிலோ தாங்கும் என்பதையே எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 10.09 கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே அதிகம். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி என்பதால் இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். உலக சாதனையே 10 கிலோ என்றால், நம் முள்ளில் மாட்டுவது இரண்டோ மூன்றோ. 25 கிலோ தாங்கும் நரம்பைக் கட்டுகிறவர்கள் மீனுக்காகக் கட்டுவதில்லை. மீன் பாய்ந்து புகுந்துகொள்ளும் தண்ணீர்ச் செடிகளையும் சேர்த்துப் பிடுங்கி வருவதற்காகக் கட்டுகிறார்கள்.

நரம்பில் அது தாங்கும் எடையைவிட முக்கியமானது அடர்த்தியும் நீளும் தன்மையும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் நைலானின் அடர்த்தி 1.14, மெதுவாக மூழ்கும். ஃபுளோரோகார்பன் 1.78, விறுவிறுவென்று இறங்கும். பாலிஎதிலீன் இழைகளால் பின்னிய பிரெய்டு 0.97, மிதக்கும். மேல்மட்டத்தில் துள்ளும் லூருக்கு ஃபுளோரோகார்பன் கட்டினால் நரம்பு அதன் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், பாவம். ஃபுளோரோகார்பன் கண்ணுக்குத் தெரியாது என்று விளம்பரத்தில் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53. தண்ணீருக்கு நெருக்கம்தான், ஆனால் சமம் இல்லை. மங்கலாகத் தெரியும், மறையாது.

பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. நைலான் அறுவதற்கு முன் நன்றாகவே நீளும். தூரத்தில் ஒரு பாஸ் தொட்டாலும் பிரெய்டு கைக்குச் சொல்லிவிடும். ஆனால் கிராங்க்பெய்ட்டுக்கு அதுவே வினையாகலாம். பாஸ் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அந்த இமைப்பொழுதில் நரம்பு கொஞ்சமாவது இளகிக் கொடுத்தால்தான் லூர் வாய்க்குள் போகும். நீளாத நரம்பும் விறைத்த ராடும் சேர்ந்தால், மீன் உறிஞ்சும்போதே நாம் பிடுங்கிவிடுவோம். உள்ளே போனாலும் அந்தச் சின்ன முட்கள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இந்த லூருக்குப் பழைய கண்ணாடியிழை ராடை இன்னும் பலர் விடாமல் வைத்திருப்பதன் காரணம் இது. கண்ணாடியிழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல், சாதாரணக் கார்பன் இழைக்கு 230. கார்பன் லேசானது, துடிப்பை நன்றாகக் கடத்தும், அடியில் உரசிப்போகும் ஜிக் போன்றவற்றுக்கு அதுதான் சரி. கிராங்க்பெய்ட்டுக்குக் கொஞ்சம் சோம்பேறியான ராடே நல்லது.

முடிச்சில் நடப்பதும் உராய்வுக் கணக்குதான். நரம்பைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வு எண் 0.2 என்றால் ஒரு சுற்று பிடியை 3.5 மடங்கு ஆக்கும், 0.1 என்றால் 1.9 மடங்குதான். வழுக்கும் பிரெய்டுக்கு நைலானைவிடக் கூடுதல் சுற்று போடச் சொல்வது இதனால்தான். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துவதும் வெறும் பழக்கம் இல்லை. உலர்ந்த நைலான் உரசும்போது சூடேறி, முடிச்சுக்குப் பக்கத்திலேயே பலம் இழக்கும்.

வார்ப்பதற்கு ஈயத்தை எல்லாரும் எடுப்பதற்குக் காரணம், 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதுதான். டங்ஸ்டன் அடர்த்தியில் கிட்டத்தட்ட 1.7 மடங்கு, ஆனால் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டில் நடக்காது. ஈயத்தின் நஞ்சு வேறு கதை. ஆற்றில் தவறிய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-லேயே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டது. நான் இப்போது பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகத்துக்கு மாறிவிட்டேன். 138 டிகிரியிலேயே உருகும் கலவை கிடைக்கிறது. ஈயத்தைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும், பரவாயில்லை. எதை உருக்கினாலும் அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. அந்தச் சொட்டு நீராவியாகி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு விரிந்து, உருகிய உலோகத்தை முகத்தில் அடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

என் மல்லாந்த மீனுக்கு என்ன ஆயிற்று? முதுகு ஈயத்தைக் குடைந்து எடுத்து, முன் முள்ளுக்குச் சற்று முன்னால் வயிற்றில் பதித்தேன். நிமிர்ந்தது. ஆனால் தண்ணீரில் இழுத்தால் இடப்பக்கமே ஓடியது. உதட்டை ஒட்டும்போது ஒரு மயிரிழை கோணியிருக்கிறது. அதற்கு மருந்து சுலபம். மூக்கு வளையத்தை இடுக்கியால் பிடித்து, ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் துளி வளைக்கவேண்டும். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். ஒரே அழுத்தாக அழுத்தாமல் துளி வளைத்து, இழுத்துப் பார்த்து, மறுபடி துளி வளைத்து... ஐந்தாவது தடவை நேராக வந்தது. பூசிய முதுகில் அந்தப் பழைய துளையின் தழும்பு இன்னும் தெரிகிறது.