பனியனின் முதல் துவைப்பு

"ஏங்கண்ணு, கடலைக் காப்பாத்தறதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் மாமா. திருப்பூரில் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேர்ந்த பிறகும், பூம்புகார் கடற்கரைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் பதில் அவர் தோளிலேயே ஒட்டியிருந்தது. மெஷின் ஓடும் இடமெல்லாம் பறக்கிற பஞ்சுதான் அது. துணியிலிருந்து உதிரும் அந்த மாதிரி இழைதான் துவைத்த தண்ணீரோடு கடல் வரை போகிறது.

நூலை ஒரே நீள இழை என்று நினைத்துக்கொள்கிறோம். பருத்தி இழையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். அதோடு கலந்து நூற்பதற்காகப் பாலிஸ்டர் என்னும் பிளாஸ்டிக் இழையையும் நறுக்கித்தான் மில்லுக்கு அனுப்புகிறார்கள், பெரும்பாலும் 38 மில்லிமீட்டர் துண்டுகளாக. இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது முறுக்குதான். தறித்துணியில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். பனியன் துணியிலோ வளையத்துக்குள் வளையம், நடுவில் இடைவெளி. உடம்புக்கு இதமாக இருப்பதும் அதனால்தான், இழைமுனைகள் எளிதில் வெளியே நீட்டிக்கொள்வதும் அதனால்தான். 'பயோ வாஷ்' என்கிற நொதிச் சலவை கொடுத்தால் நொதி அந்தப் பருத்திப் பிசிறைத் தின்றுவிடும். பாலிஸ்டர் பிசிறை அது தொடாது.

துவைக்கும்போது துணி துணியோடு உரச, நீட்டிய முனைகள் ஒடிந்தும் நழுவியும் தண்ணீரில் இறங்குகின்றன. ஓர் இழையின் தடிமன் பத்திருபது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிமன். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் 2016-ல் செய்த கணக்கின்படி, 6 கிலோ துணியை ஒருமுறை மெஷினில் போட்டால் அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணியில் 7 லட்சத்துக்கு மேல், பாலிஸ்டரில் ஏறத்தாழ 5 லட்சம், பாலிஸ்டர் கலந்த பருத்தியில் 1.38 லட்சம் இழைகள் உதிரலாம். 2019-ல் நியூகாசில் பல்கலைக்கழகம் சொன்னது என்னை இன்னும் யோசிக்க வைத்தது. மெல்லிய துணிக்கென்று மெஷினில் இருக்கும் 'டெலிகேட்' ஓட்டத்தில்தான் இழை அதிகம் உதிர்கிறதாம். அதில் தண்ணீர் அதிகம். துணிக்குள் புகுந்து புறப்படும் தண்ணீர் கூடக் கூட இழையும் கூடுகிறது. அரை மெஷின் துணியைப் போட்டு நிறையத் தண்ணீர் விடுவதும் இதே தவறுதான்.

திருப்பூர் வீடுகளில் அந்தத் தண்ணீர் சாக்கடைக்கும், அங்கிருந்து ஜம்மனை ஓடை போன்ற ஓடைகள் வழியாக நொய்யலுக்கும் போகிறது. வெயில் காலத்தில் இழைகள் ஆற்றுச் சேற்றில் படிந்து கிடக்கும். வெள்ளம் வந்தால் கிளம்பிவிடும். வடமேற்கு இங்கிலாந்து ஆறுகளின் அடிமண்ணில் இருந்த பிளாஸ்டிக் துகள்களில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துப் போனதை 2018-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடலில் பாலிஸ்டர் மிதப்பதில்லை. உப்புத் தண்ணீரை விட அடர்த்தி கூடியதால் மெல்ல மூழ்கும். வழியில் அதை உணவென்று எடுத்துக்கொள்வது துடுப்புக்காலி: அரிசிமணியை விடச் சிறிய, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான உயிர். நம் சந்தைக்கு வரும் மத்தியும் நெத்திலியும் தின்று வளர்வது இதைத்தான். பிளாஸ்டிக்கை விழுங்கிய துடுப்புக்காலிகள் குறைவாகத் தின்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அவற்றின் கழிவு உருண்டைகளும் மெதுவாகத்தான் கீழே இறங்குகின்றன. எனக்கு இதுதான் பெரிய கவலை. கடலின் மேல்மட்டத்துக் கார்பனைக் கடலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் அந்த உருண்டைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பதினோரு கிலோமீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியில் வாழும் சிற்றுயிர்களின் வயிற்றிலும் இழைகள் இருந்ததை 2019-ல் கண்டார்கள்.

"நம்மளுது பருத்திதானே" என்றார் மாமா. அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது. உலகக் கடல்களில் எடுத்த 916 நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவின்படி, கிடைத்த இழைகளில் செயற்கை இழை 8.2 சதவீதம்தான். பருத்தி முதலான தாவர வகை ஏறத்தாழ 80 சதவீதம். ஆய்வகத்தில் பருத்தி இழை 243 நாளில் முக்கால்வாசி மக்கியது, பாலிஸ்டர் 4 சதவீதமே. பருத்தி நல்லதுதான். ஆனால் கடலில் கிடப்பது சாயமும் ஃபினிஷிங் ரசாயனமும் ஏறிய பருத்தி.

இவ்வளவுக்கும் நடுவில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. புதுத்துணியின் முதல் சில துவைப்புகளில்தான் அதிகம் உதிர்கிறது. கட்டிங் மேசையில் வெட்டிய ஓரங்களின் தூசும் அப்போதுதான் போகிறது. தைத்த பீஸ் பெரும்பாலும் அயர்ன் செய்து பேக்கிங் ஆகிவிடுவதால், அந்த முதல் துவைப்பு ஹாம்பர்க்கிலோ சென்னையிலோ ஏதோ ஒரு வீட்டில் நடக்கிறது. அதை ஏன் இங்கேயே செய்யக்கூடாது?

வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத ஏற்பாடு இங்கே இருக்கிறது. சாயத்தண்ணீரால் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை உப்பேறி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் பட்டறையைத் திறக்கலாம் என்றானது. நுண்ணுயிர்த் தொட்டி, நுண்வடிகட்டி, அப்புறம் ஆர்.ஓ. கரைந்த உப்பையே அழுத்தத்தால் பிரிக்கும் சவ்வு அது. ஆயிரக்கணக்கான மடங்கு தடித்த இழை அதற்கு முன்பே நின்றுவிடும். உப்பைப் பிடிக்கக் கட்டியது இழையையும் பிடிக்கும்.

"பீசுக்கு எத்தனை பைசா ஏறும்?" என்றார் மாமா. ஏறத்தான் செய்யும். தண்ணீர், உலர்த்தும் நீராவி, மிஞ்சும் உப்புத்தண்ணீரை வற்றவைக்கும் ஆவியாக்கியின் கரண்ட் எல்லாம் செலவு. அதனால் பிரஷ் செய்து பிசிறெழுப்பிய ஃபிளீஸிலும் பாலிஸ்டர் ரகங்களிலும் முதலில் தொடங்கலாம் என்றேன்.

பிடித்த இழை, சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடில் சேரும். அந்தக் கசடை வயலில் கொட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி பள்ளத்தில் இறங்கும். சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போனால் எரிந்து தீரும்.