பீப் ஒலியை அணைத்த வீடு

இழந்த கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்கு எந்த நாஸ், அதாவது வீடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி, வாங்கலாம் என்று முன்கூட்டியே யோசனை கேட்டு வருகிறவர்கள் குறைவு. வாங்கியது பழுதான பிறகு பெட்டியும் கையுமாக வந்து நிற்பவர்களே அதிகம்.

அப்படித்தான் ஒரு தம்பதி வந்தார்கள். துணிப்பைக்குள் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி. அதில் குழந்தை பிறந்த நாள் தொடங்கி எட்டு வருடப் படங்கள். “இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம்தான் பதிவாகும் சார். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்றுதானே வாங்கினோம்?” என்றார் கணவர். இரண்டாவது டிஸ்க் இன்னும் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பெட்டியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் டிஸ்க் பதினோரு மாதங்களுக்கு முன்பே செத்திருந்தது. செத்த அன்றே பெட்டி எச்சரித்தும் இருக்கிறது. தேதியைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. “ஆமாம், ஒருநாள் இரவு முழுக்கப் பீப் பீப் என்று கத்தியது. குழந்தை தூங்கவில்லை. செட்டிங்கில் தேடிப்பிடித்து அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டேன்.”

பதினோரு மாதம் ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருக்கிறது அந்த வீடு. படங்களில் பாதிக்கு மேல் மீட்டுக் கொடுத்தேன். எந்தப் பாதி என்பது என் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை.

நாஸ் என்பது ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, வீட்டிலுள்ள எல்லா ஃபோன்களும் கணினிகளும் தொலைக்காட்சியும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கணினி, அதனோடு சில ஹார்டு டிஸ்க்குகள், அவ்வளவுதான். நல்ல சாதனம். என் வீட்டிலும் இருக்கிறது. அதை வாங்கியதும் பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் எல்லாப் பிரச்சினையும் தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ரெய்டு என்ற சொல்லும் ஒரு காரணம். 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை அதிகமான பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் யோசனை. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு. டிஸ்க் எண்ணிக்கை கூடினால் அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்கத்தான் ஒரே தகவலை உபரியாகவும் எழுதி வைக்கும் ஏற்பாடு வந்தது. டிஸ்க் ஒன்று நின்றுபோனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை எழுதும் மிரர் அமைப்பு அந்த அழிப்பையும் இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காகச் செய்து முடிக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால் இரண்டும் போகும்.

ஆகவே பெட்டியின் விலையைப் பார்க்கும்போதே, அதன் பேக்கப்புக்கான வெளிப்புற டிஸ்க்கின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால் நாஸைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு சாதாரண யூஎஸ்பி டிஸ்க்குகளை வாங்கி மாற்றி மாற்றிப் பேக்கப் எடுத்தாலே போதும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், ஒரு வருடத்தில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள், ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். படங்கள் பெரிதாக இடம் பிடிப்பதில்லை, வீடியோதான் விழுங்குகிறது. 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு, ஃபோனின் அமைப்பைப் பொறுத்து, 170 முதல் 400 மெகாபைட் வரை எடுக்கும். ஒரு மணி நேரம் என்றால் 10 முதல் 24 கிகாபைட். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 4 டெராபைட் டிஸ்க்கைப் போட்டால் பல கணினிகள் 3.63 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. மிரர் அமைப்பில் இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் போட்டாலும் கையில் கிடைப்பது ஒன்றின் கொள்ளளவுதான்.

வீட்டுக்கு இரண்டு டிஸ்க் பெட்டியே போதும் என்பது என் கருத்து. நான்கு டிஸ்க் வாங்கி, தகவலைத் துண்டுகளாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பும் ரெய்டு 5 போட்டால் இடம் லாபம், உண்மைதான். ஆனால் அதிலும் ஒரு டிஸ்க் போவதைத்தான் தாங்கும். மிரரில் மிஞ்சிய ஒரு டிஸ்க்கைத் தனியாக எடுத்துப் படிப்பது எனக்கு எளிது. ரெய்டு 5-இல் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதை ஒட்டவைப்பது பெரும்பாடு, அந்தப் பாட்டுக்கான கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

டிஸ்க் வாங்கும்போது அது தகவலை எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பாருங்கள். சிஎம்ஆரில் தகவல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதை ஒட்டியிருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான் இங்கும். ஒரு முறை எழுதிவிட்டுச் சும்மா வைப்பதற்குப் பரவாயில்லை. பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு ரெய்டை மீண்டும் கட்டும்போது மூச்சுத் திணறிவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமலே பயன்படுத்தியது வெளிவந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டார்கள். முடிந்தால் இரண்டு டிஸ்க்குகளையும் வெவ்வேறு இடத்தில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே தொகுப்பில் பிறந்தவை அடுத்தடுத்துச் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைப் பொறுத்தவரை சினாலஜி, க்யூநாப் போன்ற ஆயத்தப் பெட்டிகளில் அமைப்பது எளிது. கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் பழைய கணினியில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையும் ஸ்னாப்ஷாட் வசதியும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நேற்று மாலை இந்த ஃபோல்டர் எப்படி இருந்தது என்பதைப் பெட்டி தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்வதுதான் ஸ்னாப்ஷாட். கணினியில் புகுந்த ரேன்சம்வேர் நாஸ் ஃபோல்டரைப் பூட்டினாலும், நாஸின் நிர்வாகி கடவுச்சொல் அதன் கையில் சிக்காத வரை, நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

நாஸ் மெதுவாக இருக்கிறது என்று ஒரு வீட்டில் புதுப் பெட்டி வாங்கவே முடிவெடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலான கேபிள் கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று முறிந்திருந்தது. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும் என்பதால், இணைப்பு அறுந்துபோகாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கிகாபிட்டில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைக்கும், ஒரு டெராபைட்டை இரண்டரை மணி நேரத்தில் நகல் எடுக்கலாம். 100 மெகாபிட்டில் அதே வேலைக்கு ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க ஆகும். ஒரு மீட்டர் கேபிளை மாற்றிவிட்டு வந்தேன். முதல் முறை மொத்தமாக நகல் எடுக்கும்போது வைஃபையை நம்ப வேண்டாம், கேபிளில் செய்யுங்கள். ரவுட்டரில் நாஸுக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் முகவரி மாறி, பெட்டியைக் காணோம் என்று எல்லோரும் தேடுவீர்கள்.

வெளியூரிலிருந்தும் படங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அடுத்த ஆபத்து. அதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து, நாஸை நேராக இணையத்தின் முன் நிறுத்திவிடுகிறார்கள். தெருவாசலில் அலமாரியை வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், 2015-க்குப் பிறகு அப்டேட்டே வராத, வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபுக் லைவ் பெட்டிகள் பலவற்றில் இருந்த தகவல்கள் வெளியாட்களால் துடைத்து அழிக்கப்பட்டன. காலையில் எழுந்து பார்த்தவர்களுக்குக் காலி ஃபோல்டர்கள்தான் மிஞ்சின.

வெளியிலிருந்து நுழைய வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியை, அதாவது உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதையை, மட்டும் வையுங்கள். ரவுட்டரில் யூபிஎன்பி வசதியை அணையுங்கள், உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடக்கூடியது அது. அட்மின் என்ற பெயரில் இருக்கும் கணக்கை முடக்கி, வேறு பெயரில் நிர்வாகியை உருவாக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி கணக்கு வேண்டவே வேண்டாம். எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை இயக்கத்தில் இருந்தால் நிறுத்துங்கள். 2017 மேயில் வன்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

யூபிஎஸ் வாங்குகிறவர்கள் மின்சார ஒயரை மட்டும் செருகிவிட்டு, அதோடு வரும் யூஎஸ்பி கேபிளை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போய்விட்டது, பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்வது அந்தக் கேபிள்தான். அது இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்ததும், எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அணைந்துபோகும்.

டிஸ்க் பழுதான பிறகு நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பதற்றத்தில் கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடுவார்கள். முதல் டிஸ்க் என்று திரையில் காட்டுவது இடப்பக்கத்ததா வலப்பக்கத்ததா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. பெட்டியை அமைக்கும் நாளிலேயே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைச் சின்னத் தாளில் எழுதி அதனதன் தட்டின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் வீட்டில் இரண்டு பேருக்காவது போகட்டும்.

பேக்கப்புக்கு, புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோவின் பெயரால் அறியப்படும் 3-2-1 கணக்கைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நாஸிலிருந்து வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் இடி மின்னலும் ரேன்சம்வேரும் அதையும் சேர்த்தே பதம் பார்க்கும். இன்னொரு டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம், கிளவுடிலும் வைக்கலாம். அதன் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணவர் இறந்த பிறகு, எல்லாம் ஒழுங்காக என்க்ரிப்ட் செய்யப்பட்ட டிஸ்க்கோடு ஒரு அம்மா என்னிடம் வந்திருக்கிறார். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. அவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

பீப் ஒலியை அணைத்த தம்பதி பிறகு புதுப் பெட்டி வாங்கினார்கள். அமைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் ஒரு படத்தை அழித்துவிட்டு, யூஎஸ்பி பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். கணவர் அழிக்கத் தயங்கினார், மனைவிதான் அழித்தார். டிஸ்க்கைத் தேடி எடுத்து, பேக்கப்பின் கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக அடித்து, எந்தத் தேதி நகல் என்று குழம்பி, படம் திரையில் வர நாற்பது நிமிடம் ஆனது. குழந்தை வாயில் மண்ணோடு சிரித்துக்கொண்டிருந்த படம். கடவுச்சொல்லை அங்கேயே ஒரு தாளில் எழுதி மடித்து, பத்திரங்கள் வைக்கும் கோப்பில் செருகினார் கணவர். “அந்த பீப் சத்தம் இதிலும் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஒருமுறை ஒலிக்கச் செய்து காட்டச் சொன்னார்.