கடைசியாக எப்போது செருப்பு வாங்கினீர்கள்?

தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், குடும்ப ஆலோசகராக 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் அந்தச் சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போய், வங்காளிக் குடும்பங்களின் மனக்கசப்புகளுக்கு நடுவே உட்காருவேன். அவர்களைப் புரிந்துகொள்ள நான் படித்த படிப்பு பாதிதான் உதவியது. மீதியை அவர்களுடைய சினிமா சொல்லிக்கொடுத்தது.

ஒரு நாள் ஒரு தம்பி தன் அக்காவைக் கூட்டிவந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது, நிரந்தர வேலை, கல்யாணம் ஆகவில்லை. "தீதி முன்னாடி இப்படி இல்லைங்க. இப்போ எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாங்க, ராத்திரி தூங்கறதும் இல்லை. நீங்கதான் கொஞ்சம் புத்தி சொல்லணும்" என்றார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன்: "உங்களுக்குன்னு கடைசியா எப்போ செருப்பு வாங்கினீங்க?" குனிந்து தன் காலைப் பார்த்தார். வெகுநேரம் அழுதார்.

இந்தக் கேள்வியை ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்க தாரா' (1960) படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். பிரிவினையால் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம், கல்கத்தாவின் ஓரத்தில் ஓர் அகதிக் காலனி. அப்பா பள்ளி ஆசிரியர். அண்ணன் சங்கருக்குப் பாட்டே கதி. மூத்த மகள் நீதா படித்துக்கொண்டே சம்பாதிக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் அவளுடைய செருப்பின் வார் அறுந்துபோகிறது. ஆனால் காசு வரும் நாளில் தங்கைக்குச் சேலை வேண்டும், தம்பிக்குப் பந்து விளையாடப் பூட்ஸ் வேண்டும். அப்பா விபத்தில் சிக்கி வேலையை இழந்ததும் நீதா படிப்பை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போகிறாள். அவளை விரும்பிய சனத், அவள் தங்கையையே கல்யாணம் செய்துகொள்கிறான். கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது காசநோய். அதையும் வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துவைக்கிறாள்.

இந்தப் படத்தில் என்னை விடாமல் துரத்துவது ஒரு சத்தம். சனத்தும் நீதாவும் பேசிக்கொண்டிருப்பதை அம்மா கவனிக்கும்போது பின்னணியில் உலை கொதிக்கிற சத்தம் கேட்கும். இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அந்த உலையில் எதைப் போடுவது? அந்தத் தாயைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வீட்டையும் ஊரையும் எல்லைக்கு அப்பால் விட்டுவந்தவள் அவள். நாளைய அரிசியைப் பற்றிய பயம் பெற்ற பாசத்தையே தின்றுவிட்டது.

என்னிடம் வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 'இவராலதான் எல்லாம்' என்று யாரையாவது ஒருவரைக் காட்டியபடிதான் உள்ளே நுழையும். குடித்த கணவன், கொடுமைக்கார மாமியார் போன்றவர்கள் உண்டு; இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகம் நான் பார்த்தவை வில்லன் இல்லாத வீடுகள். அவரவர் பங்குக்கு அவரவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருப்பார்கள். அத்தனை நியாயங்களின் பாரமும் ஒரே ஒருவர் முதுகில் இறங்கியிருக்கும். அந்த ஒருவர்தான் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்பவர். தலைவலி, நெஞ்சு இறுக்கம், தூக்கமின்மை என்று உடம்பு முதலில் பேசும்; மருத்துவரைப் பார்ப்பதை மாசாமாசம் தள்ளிப்போடுவார். பல வருடப் பொறுமைக்குப் பிறகு ஒரு நாள் குரல் உயரும். வீட்டார் கண்ணில் படுவது அந்தக் குரல் மட்டும்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெண் புதியவள் அல்ல. கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் தன் சம்பளத்தில் குடும்பத்தையே சுமக்கும் கவிதாவை நமக்குத் தெரியும். அந்தப் படம் 1977-ல் 'கபிதா' என்று வங்காளத்துக்கே போனது. கமல்ஹாசன் அதிலும் நடித்தார்.

ஆனால் நான் அடிக்கடி பார்க்கச் சொல்லும் படம் மிருணாள் சென்னின் 'ஏக் தின் பிரதிதின்' (1979). வீட்டில் ஒரே சம்பாத்தியம் மூத்த மகள் சினுவுடையது. ஒரு நாள் மாலை அவள் வேலையிலிருந்து திரும்பவில்லை. படம் முழுக்க அந்த ஓர் இரவுதான். காவல் நிலையம், மருத்துவமனை, பிணவறை என்று தேடி அலைகிறார்கள். அந்தப் பயத்துக்குள்ளே 'அவள் வராவிட்டால் நாம் எப்படிச் சாப்பிடுவோம்' என்ற இன்னொரு பயம் மெல்லத் தலைகாட்டுகிறது. அதை வெளியே போட்டு உடைப்பவள் தங்கை. விடியும் நேரத்தில் சினு வந்துவிடுகிறாள். 'எங்கே போயிருந்தாய்' என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவள் எங்கே போனாள் என்று படமும் சொல்வதில்லை. வாடகை வீட்டின் சொந்தக்காரருக்கு மட்டும் 'பத்ரலோக்' (கண்ணியமான நடுத்தர வர்க்கத்தினர்) கௌரவம் போய்விட்டது. கண்ணியமானவர்கள் குடியிருக்கும் வீடு, காலி செய்யுங்கள் என்கிறார்.

சத்யஜித் ரேயின் 'மகாநகர்' (1963) படத்தை மருமகள் வேலைக்குப் போகும் கதை என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வலிப்பது மாமனார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் மருமகள் சம்பாதிப்பதைத் தாங்க முடியாமல், நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்களின் வாசலில் போய் உதவி கேட்டு நிற்கிறார். ஓய்வுக்குப் பின் மதிப்பு குறைந்துவிட்டதாக நினைக்கும் தகப்பன்கள் என் அறையில் கோபமாகப் பேசும்போதெல்லாம் அவர் நினைவுக்கு வருவார்.

வங்காளத்தில் 'அபிமான்' என்றொரு சொல் உண்டு. நம் அபிமானத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்மிடம் உள்ள 'மனத்தாங்கல்' அதற்குக் கிட்டத்தில் வரும். உரிமையுள்ளவர் கவனிக்கவில்லையே என்று வாய்விடாமல் வளர்க்கிற வருத்தம். ரிதுபர்ணோ கோஷின் 'உனிஷே ஏப்ரல்' (1994) முழுக்க அதுதான். பெயர் பெற்ற நடனக் கலைஞர் அம்மா, மருத்துவர் மகள். அப்பாவின் நினைவு நாள் அம்மாவுக்கு மறந்துபோயிருக்கிறது. அன்று மகள் உயிரை விட முடிவெடுத்திருக்கிறாள். வெளியூர் கிளம்பிய அம்மா பயணம் தடைப்பட்டுத் திரும்பி வந்ததால் அது தெரியவருகிறது. பல வருடப் பேச்சை அந்த ஓர் இரவில் பேசுகிறார்கள். நிஜ வீடுகளில் பயணம் தடைப்படும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. உயிர்மேல் வெறுப்போடு உங்கள் வீட்டில் யாராவது பேசினால், அதை நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416 எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

படம் பார்க்கச் சொல்வதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்கெனவே நொந்திருப்பவரை 'மேகே தாக்க தாரா' பார்க்கச் சொல்ல மாட்டேன். மலைமேல் காசநோய் சானடோரியத்தில் "அண்ணா, நான் வாழ ஆசைப்பட்டேன்" என்று நீதா கதறும்போது தனியாக உட்கார்ந்து கேட்க அவருக்குத் தெம்பு இருக்காது. இந்தப் படங்களைப் பார்க்க வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள். நீதாவுக்குத் தன் கதை தெரியும். சங்கருக்குத்தான் காலம் கடந்து தெரிகிறது.

அதனால் அந்தத் தம்பியிடம் 'ஏக் தின் பிரதிதின்' பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்தார். "பாதியில நிறுத்திட்டேங்க. அப்புறம் மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தீதிக்கு உடம்பு முடியாமப் போனப்போ எனக்கு முதல்ல வீட்டு லோன்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை அக்காவும் கூட வந்தார். தம்பியின் கையில் ஒரு நோட்டு இருந்தது. வீட்டுச் செலவை வரி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கொடுப்பது என்று குறித்திருந்தார்கள். அம்மாவின் மருந்துக்கு நேராகத் தம்பியின் பெயர் இருந்தது. சில இடங்களில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தது. மூன்று வரிகளுக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரமும் அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் பேசினோம்.