குடும்ப வடிகட்டி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைக்குத் திறன்பேசி வாங்கித் தருவது சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதோடு சேர்த்துப் பல பெற்றோர் செய்யும் ஏற்பாடு, வீட்டு இணையத்தில் தகாத தளங்களைத் தடுக்கும் குடும்ப வடிகட்டியை இயக்கிவிடுவது. இங்குள்ள இணையச் சேவை நிறுவனங்கள் அத்தகைய வடிகட்டியைச் சந்தாதாரர்களுக்கு வழங்க வேண்டும் என்பது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி என்பதால், அதைப் பெறுவதில் சிரமம் இல்லை. அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தால்தான், எந்த வேலையை அதனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பது விளங்கும்.

உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்ற கேள்வி முதலில் புறப்பட்டுச் செல்கிறது. கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எண்களால்தான். மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவில் நிற்கும். இந்த இரண்டையும் இணைக்கும் களப்பெயர் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். குடும்ப வடிகட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வி பதிலுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆபாசம், சூதாட்டம் என வகை பிரித்த தளப்பெயர்ப் பட்டியல் ஒன்று பதில் சொல்லும் கணினியிடம் இருக்கும். கேட்ட பெயர் அதில் இருந்தால், அது உண்மையான எண்ணை மறைத்துப் பொய்யான எண்ணைத் தரும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய 1.1.1.3 என்ற இலவசக் குடும்பச் சேவை, தடை செய்த தளத்துக்கு 0.0.0.0 என்று பதில் சொல்கிறது. அந்த எண் எங்கும் கொண்டு சேர்க்காது. இதே உத்தியைக் கொஞ்சம் நயமாகவும் பயன்படுத்தலாம்: கூகலின் எண்ணைக் கேட்கும் கருவிக்கு, பாதுகாப்பான தேடலை மட்டுமே தரும் கூகலின் வேறொரு முகவரியைக் கொடுத்துவிட்டால், பிள்ளை அமைப்பை மாற்ற முயன்றாலும் ஆபாசப் படங்கள் தேடல் முடிவுகளில் வராமல் பெரும்பாலும் தடுக்க முடியும்.

இந்த ஏற்பாட்டின் எல்லை, அது பெயரை மட்டுமே அறியும் என்பதில் இருக்கிறது. வருகையாளர் எந்த புளோக்குக்குப் போகிறார் என்று மட்டும் கேட்டுவிட்டு, எத்தனையாவது மாடி, எந்த வீடு என்று கேட்காமல் அனுப்பிவிடும் காவலரைப் போன்றது அது. இன்றைய தளங்கள் ஏறக்குறைய எல்லாமே மறைக்குறியாக்கத்தோடு, அதாவது அனுப்பும் தகவலை இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி மாற்றி, இயங்குவதால், டிக்டாக் என்ற பெயர் வடிகட்டிக்குத் தெரியும். அதற்குள் பிள்ளை பார்ப்பது சமையல் காணொளியா, பட்டினி கிடந்து உடல் மெலியச் சொல்லும் காணொளியா என்பது தெரியாது. மறைக்குறியாக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நம் வங்கிக் கணக்கைக் காப்பதும் அதுதான். ஆனால் பிள்ளைகளின் இணைய நேரத்தில் பெரும்பகுதி நாலைந்து பெரிய செயலிகளுக்குள்ளேயே கழிகிற காலத்தில், தளப்பெயரைக் கொண்டு தடுக்கும் கருவியின் பயன் சுருங்கிவிட்டது.

சுற்றுவழிகளும் உண்டு. வீட்டு வைஃபையை அணைத்துக் கைபேசியின் 5ஜி இணைப்புக்கு மாறினால், வீட்டு ரௌட்டரில் போட்ட வடிகட்டி அங்கே வராது. கைபேசிச் சந்தாவுக்கும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு கணினி வழியாக அனுப்பும் விபிஎன் செயலியும், பெயர்க் கேள்வியையே மறைத்து அனுப்பும் உலாவிகளும் இதேபோல் வடிகட்டியைத் தாண்டிச் செல்லும். பள்ளி வழியாக வாங்கும் கற்றல் சாதனம் இந்த வகையில் மேலானது, ஏனெனில் அதன் மேலாண்மைச் செயலி சாதனத்துக்குள்ளேயே இருப்பதால் எந்த இணைப்பில் சேர்ந்தாலும் கூடவே வரும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடுகளை அப்படியே வைத்துக்கொள்ளவோ, மாற்றவோ, நீக்கவோ பெற்றோருக்குத் தெரிவுகள் தரப்பட்டுள்ளன. நீக்குவதைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

செயலிக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்தக்கூடியது செயலிதான், அது பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பதோ கணக்கில் பதிந்த பிறந்த தேதியைப் பொறுத்தது. 2023 ஜூலை 18 அன்று நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகள், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், எக்ஸ், உள்ளூர்க் கருத்துக்களமான ஹார்ட்வேர்சோன் ஆகிய ஆறு தளங்களையும் கட்டுப்படுத்துகின்றன. சிறுவர் கணக்குகளுக்கு இறுக்கமான அமைப்புகள் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்ஸ்டகிராம் 2024இல் அறிமுகப்படுத்திய பதின்ம வயதினர் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், அறியாதவர் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் குறைந்தவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி தேவை. இவ்வளவும் அந்தக் கணக்கு பதின்ம வயதினருடையது என்று தளத்துக்குத் தெரிந்தால்தான் செயல்படும்.

இங்கேதான் சிக்கல். தொடக்கநிலை ஆறை முடிக்கும் பிள்ளைக்கு வயது 12. பெரும்பாலான தளங்களின் குறைந்தபட்ச வயதோ 13. இந்த 13 என்ற எல்லை, அந்த வயதுக்குக் குறைந்தோரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கோரும் 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. 2013இல் பிறந்த ஒரு பிள்ளை 2025இன் இறுதியில் கணக்குத் திறக்கையில், விரலை ஒரு தள்ளுத் தள்ளி 2000 என்று வைத்துவிட்டால், தளத்தின் பார்வையில் அவருக்கு வயது 25. அவர் 14 வயதில் உயர்நிலை இரண்டில் படிக்கும்போது அந்தக் கணக்குக்கு 27 வயது. விளம்பரங்களும் பரிந்துரைகளும் அந்த வயதுக்கு உரியவையாகவே வரும், முன்பின் அறியாதவரின் செய்தியும் வரும். சில வீடுகளில் அந்தப் பொய்த் தேதியைப் போட்டுக் கொடுத்தவர்கள் பெற்றோராகவே இருப்பார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் வயதை உறுதிசெய்யும் தொழில்நுட்பங்கள் வருகின்றன. வயது தெரிந்த ஏராளமான முகப்படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள், புதிய முகத்தைப் பார்த்து அவர் யார் என்று தேடாமல் வயதை மட்டும் மதிப்பிடும். மதிப்பீடு ஓரிரு ஆண்டுகள் தவறுவது இயல்பு என்பதால், 18 வயதானவர்களுக்கு மட்டுமே உரிய ஒன்றில் 17 வயதினர் தப்பிவிடக்கூடாது என்றால் எல்லைக்கோட்டை 18க்கு மேலே நகர்த்த வேண்டும்; அப்படி நகர்த்தினால் 20 வயதினர் சிலர் மாட்டிக்கொண்டு அடையாள ஆவணத்தைக் காட்ட நேரும். இந்த இழுபறியிலிருந்து எந்த மென்பொருளும் முழுமையாக விடுபட முடியாது. 2025 மார்ச் 31 முதல் ஆப்பிள், கூகல், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட், சாம்சுங் ஆகியவற்றின் செயலிக் கடைகளுக்கும் சிங்கப்பூரில் வயது உறுதிப்பாட்டுக் கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. செயலியைப் பதிவிறக்கும் வாசலிலேயே வயதைப் பார்ப்பது, ஒவ்வொரு செயலியும் தனித்தனியே கேட்பதைவிட அறிவுடைமையாகத் தோன்றுகிறது.

ஆகவே வடிகட்டியை இயக்கிய மாலையிலேயே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கின் அமைப்புக்குள்ளும் போய்ப் பிறந்த தேதியைப் பார்ப்பது பயன் தரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: 13 நிரம்பாத பிள்ளையின் உண்மையான தேதியைப் பதிந்தால் சமூக ஊடகக் கணக்கு மூடப்படலாம், கூகல் கணக்காக இருந்தால், பெற்றோர் கண்காணிப்பில் அதைச் சேர்க்கும்படி கேட்கும், சேர்க்காவிட்டால் முடக்கிவிடும். எனவே தேதியைத் திருத்துவதற்கு முன் படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் வேறிடத்தில் சேமித்து வைத்துவிடுவது நல்லது.