ஏமாற்றுபவரைத் தேடும் மூளை

மேசையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்" என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்புவீர்கள்?

பலரும் அ-வையும் 4-ஐயும் சொல்வார்கள். சரியான விடை அ, 7. 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் ஆங்கில எழுத்துகளை வைத்து அமைத்த புதிர் இது. பத்துப் பேரில் ஒருவர் தேறினாலே அதிகம்.

சரி, இப்போது ஒரு மதுக்கூடம். பீர் குடிப்பவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் பீர் குடிக்கிறார், ஒருவர் கோலா. இன்னொருவருக்கு வயது 22, மற்றவருக்கு 16. யாரை விசாரிப்பீர்கள்? பீர் குடிப்பவரையும் 16 வயதுப் பையனையும்தான். தர்க்கம் அதேதான், ஆனால் விடை சட்டென்று வருகிறது. 1982-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதித்தபோது மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள்.

பழகிய சூழல் என்பதாலா? உளவியலாளர் லீடா காஸ்மிடீஸ் அப்படி நினைக்கவில்லை. "மரவள்ளிக்கிழங்கு தின்பவன் முகத்தில் பச்சை குத்தியிருக்க வேண்டும்" என்று யாரும் கேள்விப்பட்டிராத விதியைக் கொடுத்தார். அது ஒரு சலுகைக்கான நிபந்தனை என்று புரிந்ததும் பெரும்பாலோர் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். தகுதியில்லாமல் பலனை எடுத்துக்கொண்டவர் யார் என்று தேட நம் மூளையில் தனி ஏற்பாடே இருக்கிறது என்றார் அவர். எல்லோரும் இதை ஏற்கவில்லை. விதி சொல்லப்படும் விதமே விடையைக் காட்டிக்கொடுக்கிறது என்பவர்களும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 1992-இல் கிகெரென்சர், ஹூக் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை. ஓய்வூதியம் பெறுபவர் பத்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்பது விதி. முதலாளியாகத் தன்னை நினைத்துக்கொண்டவர்கள் ஓய்வூதியம் பெற்றவரையும், எட்டே ஆண்டு வேலை பார்த்தவரையும் சோதித்தார்கள். தொழிலாளியாக நினைத்தவர்களோ பத்து ஆண்டு உழைத்தவரையும், ஓய்வூதியம் கிடைக்காதவரையும் தேடினார்கள். ஏட்டுத் தர்க்கப்படி இது தவறு. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் ஏமாற்றப்படக்கூடியவர் அவர்தானே!

அப்புறம் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. விபத்தில் ஒருவருக்குக் கண்குழிக்கு மேலுள்ள மூளைப் பகுதியும் பொட்டு மடலின் (நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதி) முன்பகுதியும் இருபுறமும் சேதமாகி, உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் தொடர்புகள் அறுந்திருந்தன. "ஆபத்தான வேலை செய்தால் பாதுகாப்புக் கவசம் அணிய வேண்டும்" போன்ற விதிகளில் மற்றவர்களைப் போலவே 70 சதவீதம் சரியாகச் சொன்னார். ஏமாற்றுபவரைப் பிடிக்க வேண்டிய விதிகளில் 39 சதவீதம்தான்.